மிகை

கடிதத்தின் தலைப்பு மூன்று மொழியிலும் இருந்தது,
உடம்பு சிங்களத்தில் மட்டும்.
எனக்கு அது சிக்கல் இல்லை.
முப்பத்து நான்கு வருடம் தபால் கவுண்டரில் இருந்தவள்,
எந்த மொழியில் திட்டினாலும் விளங்கும்.

திருமதி எமல்டா இராயப்பு அவர்களுக்கு
சம்பளப் படிநிலை பிழையாக இடப்பட்ட காரணத்தால்
மாதம் மூவாயிரத்து நூற்றிருபது ரூபா வீதம்
மிகையாகச் செலுத்தப்பட்டுள்ளது.
மொத்தம் இரண்டு இலட்சத்து நாற்பத்தாறாயிரத்து நானூற்றெண்பது.
நாற்பத்தெட்டுத் தவணையில் அறவிடப்படும்.

மிகையாக.
அந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு
கொட்டாஞ்சேனை மாடிவீட்டை ஒருநாள் முழுக்கத் தேடினேன்.
மின்விசிறியா? அது இரண்டாம் இலக்கத்தில் மட்டும் சுற்றுவது.
வலக்கண்ணில் வைத்த வில்லையா?
எரிவாயு வரிசை நீண்ட வருடம்
இடம்பிடிக்கச் சொல்லி
பௌசுல் நானாவின் பெடியனுக்குக் கொடுத்த இருநூறா?
ஒரு பொருளிலும் எழுதியிருக்கவில்லை.

மாளிகாவத்தைக்குப் போனேன்.
ஐந்தாம் மாடி; லிஃப்ட் நாலில் நின்றுவிடும்.
என் இலக்கம் அறுபத்திரண்டு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தினுஷிகா என்றொரு பிள்ளை,
மேசையில் பாதி கடித்த மாலுபான்.
எனக்குக் கூச்சமாக இருந்தது.
வாழ்நாள் முழுக்க அந்தப் பக்கத்திலிருந்துதான்
கண்ணாடியைப் பார்த்திருக்கிறேன்.
குரல் போகும் ஓட்டை எவ்வளவு கீழே இருக்கிறதென்று
இப்போதுதான் தெரிகிறது.
குனிந்துதான் பேச வேண்டும்.

பிழை எங்களுடையதுதான் அம்மா, என்றாள்,
ஆனால் காசு உங்களிடம்தானே இருக்கிறது.
இருந்தால்தானே, பிள்ளை.
கூடுதலாக வருவது உங்களுக்குத் தெரியவில்லையா, என்றாள் பிறகு,
குற்றம் சாட்டாமல்,
படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இருப்பதால்.
ஊர்ப் பணமெல்லாம் எண்ணியவள்
என் பணத்தை எண்ணவில்லை என்று சொன்னால்
யார் நம்புவார்கள்?
'தெரியாது' என்ற கட்டத்தில் அவளே சரி போட்டாள்.

தவணையை நீட்ட இன்னொரு படிவம் உண்டாம்.
வருமானச் சான்று, கிராம சேவகர் கையொப்பம்,
வைத்தியரின் கடிதம்.
எழுபத்திரண்டு வயதுக்காரிக்கு நாற்பத்தெட்டு மாதம் என்பது
என் ஆயுள்மேல் அரசாங்கம் வைத்திருக்கும் நம்பிக்கை.
அதற்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இரவு, பழக்கதோஷம்.
சிவப்புப் பேனாவை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன்.
பிழை தொடங்கியது ஜனவரியில்.
அவர்கள் செப்டம்பரிலிருந்து எண்ணியிருக்கிறார்கள்.
எட்டு மாதம் விடுபட்டிருக்கிறது.
இருபத்து நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.
மூன்று தரம் கையால், நாலாம் தரம் கல்குலேட்டரில்.

கல்லாவில் குறைந்தால் என் பர்சிலிருந்து போட்டேன்.
கூடினால் காக்கி உறையில் திகதி எழுதி
மேலதிகாரியிடம் கொடுத்தேன்.
ஒருமுறை ஐந்நூறு ரூபா குறைத்துக் கொடுத்துவிட்டேன் என்று
முகத்துவாரம்வரை பஸ்ஸில் போய்
ஒரு மீன்காரியின் கதவைத் தட்டியிருக்கிறேன்,
வேலை முடிந்து, மழையில்.
அவள் எண்ணியே பார்த்திருக்கவில்லை.

கடிதம் எழுதினேன்.
மதிப்புக்குரிய பணிப்பாளர் அவர்களுக்கு, தங்கள் கணக்கில்...
முத்திரையும் ஒட்டியாயிற்று.
கைப்பையில் கிடக்கிறது.
செபமாலையோடு உரசி ஒரு மூலை மடங்கிவிட்டது.

முதல் தவணை பிடித்த மாதம்
வங்கிப் புத்தகத்தில் ஐயாயிரத்து நூற்று முப்பத்தைந்து குறைந்திருந்தது.
ஒரு சதமும் பிசகவில்லை.
பாரை விலை கேட்டுவிட்டுச் சூடை வாங்கினேன்.
திரும்பும் வழியில் சிவப்புப் பெட்டி.
அடுத்த எடுப்பு நாலரைக்கு என்று தகட்டில் இருந்தது.
மணி நாலு இருபது.
நின்றேன்.
மீன் பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.